மீதியை நிரப்புவது யார்?

ஒரு காட்சியைப் ‘பார்த்தேன்’ என்று ஒருவர் சொல்வதற்கு அது எந்தளவு தெளிவாக இருக்க வேண்டும்? தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் கேள்வி போல இது தோன்றலாம். ஆனால் பார்க்கிறவனின் கடமை பற்றிய கேள்வியொன்றும் இதற்குள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நாம் பார்ப்பது நம்மைச் சிரிக்க வைக்கும் காட்சியாக இருந்தால் அக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது.

விடயத்துக்கு வருகிறேன். எமது கிராமம் மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் இருக்கிறது. மலை மறைப்பதால் கைத்தொலைபேசிக்கு அலை சீராகக் கிடைப்பதில்லை. கிடைக்கிற இடத்திலும் டேட்டாவை எண்ணிச் செலவழிக்க வேண்டும். ஆகவே யூடியூபில் எதைப் பார்த்தாலும் ஆகக் குறைந்த படத்தெளிவான 144இல் வைத்தே பார்ப்பது என் வழக்கம். அண்மையில் ஓர் இரவு ‘கோப்பி கடே’ தொடரின் பழைய அங்கமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ வீட்டில் வீடியோ நாடாவில் பதிந்து வைத்திருந்த பிரதி போலிருந்தது. அதை 144இல் பார்த்தால் எப்படியிருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளுங்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புச் சதுரங்கள். வாய் ஒரு கோடு. சுவரில் தொங்குவது நாட்காட்டியா வாழைக்குலையா என்று தெரியவில்லை. என் தங்கையின் மகன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“மாமா, மொகமே வெளங்கல்லயே. இதுல என்னத்தப் பாத்துச் சிரிக்கிறீங்க?”

அவன் கணக்கில் கெட்டிக்காரன். ஆகவே ஒரு கணக்கைக் கொடுத்தேன். 144 என்பதில் அகலவாட்டில் 256, உயரவாட்டில் 144 படப்புள்ளிகள். பெருக்கினால் 36,864. அவன் விரும்பிப் பார்க்கும் 1080இல் 1920ஐ 1080ஆல் பெருக்க வேண்டும். 20,73,600. முன்னதைப் போல ஐம்பத்தாறு மடங்குக்குச் சற்று அதிகம். உடனே அவன் கேட்டான்: “அப்ப ஐம்பத்தாறுல ஒரு பங்குதான் வருது. மிச்சம் ஐம்பத்தஞ்சு பங்கும் எங்க?”

மிச்சம் எங்கே என்ற அந்தக் கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

*

இந்நாட்டில் தொலைக்காட்சி வந்த கதையை மலைநாட்டுக்காரர் சொன்னால் அது மங்கலின் கதையாகவே இருக்கும். 1979 ஏப்ரல் 13இல் சுயாதீன தொலைக்காட்சி தனியார் முயற்சியாக ஆரம்பிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. தொடக்கத்தில் அதன் அலை கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி வந்தது. நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில் அதற்கு அஞ்சல் கோபுரம் அமைந்தது. நிலையத்திலிருந்து புறப்படும் படத்துக்கு 625 கோடுகள் என்பது ஏட்டுக் கணக்கு. எமது பள்ளத்தாக்குக்குள் இறங்கி வருகையில் எத்தனை கோடுகள் மிஞ்சின என்பதை மழையும் காற்றும்தான் தீர்மானித்தன.

தொண்ணூறுகளில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் மட்டுமே டீவி இருந்தது. மின்சாரம் வந்திராத வரிசை அது. கார் பற்றரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி. பற்றரி இறங்க இறங்கப் படம் சுருங்கி நடுவில் ஒரு சீட்டளவுக்கு வந்துவிடும். கமுகந்தடியில் கட்டிய அன்டெனாவை ஒருவர் திருப்ப, உள்ளேயிருந்து “இன்னம் கொஞ்சம், இன்னம் கொஞ்சம்” என்று இன்னொருவர் கத்துவார். அப்படிப் பார்த்தவற்றுள் ஒன்றுதான் ‘கோப்பி கடே’. 1987இல் சுயாதீன தொலைக்காட்சியில் தொடங்கிய வாராந்தச் சிங்களத் தொடர். கிராமத்துக் கோப்பிக் கடையொன்றே களம். வருவோர் போவோரின் பேச்சே கதை. ஊரில் அந்த வாரம் எதைப் பற்றிக் கதைக்கிறார்களோ அது அங்கேயும் சிரிப்போடு கதைக்கப்படும். அத்தொடர் மூன்று தசாப்தங்களைத் தாண்டி ஓடியது.

எங்கள் உம்மும்மாவும் வந்து பாயில் இருப்பார். அவருக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்கானது. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. ஆக, மங்கலான படம், பாதி விளங்கும் மொழி, பாதி தெரியும் கண் என மூன்று வடிகட்டிகள். அப்படியிருந்தும் நாங்கள் சிரிப்பதற்கு ஒரு நொடி முந்தியே அவர் சிரித்துவிடுவார். யார் கடைக்குள் நுழைந்தாலும் நடையை வைத்தே சொல்லிவிடுவார். முகம் விளங்கவில்லையே என்ற முறைப்பாட்டை அவர் வாயிலிருந்து ஒருநாளும் நான் கேட்டதில்லை.

*

மங்கலான படத்தில் சோகம் பிழைப்பதில்லை, நகைச்சுவை பிழைத்துக்கொள்கிறது. இது தற்செயலல்ல. தொலைக்காட்சிக் கலை மங்கலுக்குள்ளேயே பிறந்தது.

ஜோன் லோகி பெயார்ட் 1926 ஜனவரியில் இலண்டனில் காட்டிய படத்துக்கு 30 கோடுகளே இருந்தன. 1930 ஜூலை 14இல் பெயார்டின் நிறுவனமும் பி.பி.சி.யும் சேர்ந்து, இத்தாலியரான பிராண்டெல்லோவின் சிறு நாடகமொன்றை அதே 30 கோடுகளில் ஒளிபரப்பின. பிரித்தானியாவின் முதலாவது தொலைக்காட்சி நாடகம் அது. ஒரே நேரத்தில் ஒரு முகத்துக்கு மேல் காட்ட முடியாது. அந்த முகத்திலும் கண்ணும் மூக்கும் தெரிவதற்காகக் கடும் வர்ணங்களைப் பூசினார்கள். கருவிக்கு எட்டாததை வர்ணத்தால் ஈடுசெய்தார்கள். முகம் அங்கே முகமூடிக்கு அருகில் போய்விட்டது.

சிட்கொம் என்று சொல்லப்படும் சூழ்நிலை நகைச்சுவைத் தொடர் பின்னாளில் இதே ஈடுசெய்தலை எழுத்தில் செய்தது எனலாம். வாரந்தோறும் அதே அறை, அதே கதவு, அதே கதிரை. கஞ்சன் எப்போதும் கஞ்சன். புளுகன் எப்போதும் புளுகன். நாடகக்காரரான கிரேஸி மோகன் தம் கதாநாயகிகளுக்குப் பெரும்பாலும் ஜானகி என்றே பெயர் வைத்தார். மேடைக்கு யார் வந்தாலும் ஜானகி ஜானகிதான். பாத்திரத்தைப் பார்வையாளர் ஏற்கெனவே மனதில் வைத்திருப்பதால் திரை புதிதாக அதிகம் காட்டத் தேவையில்லை. எங்கே சிரிப்பது என்று தெரியாதவர்களுக்காக 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பதிவு செய்த சிரிப்பொலியும் சேர்க்கப்பட்டது. முகத்தைப் படிக்கும் வேலையைக் காதிடம் ஒப்படைத்த ஏற்பாடு அது.

படத்தெளிவு இத்துறையின் வரலாற்றையே ஒருமுறை திருப்பிவிட்டது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. 1951இல் ‘ஐ லவ் லூசி’ தொடங்கவிருந்தபோது, விளம்பரதாரர் அதை நியூயோர்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்ப வேண்டுமென்றார். பார்வையாளரில் பெரும்பகுதியினர் கிழக்குக் கரையில் இருந்தனர். கலிபோர்னியாவில் தயாரித்தால், தொலைக்காட்சித் திரைக்கு முன் சினிமாக் கெமராவை வைத்துப் பிடித்த மங்கலான பிரதியே அவர்களுக்குப் போய்ச் சேரும். லூசில் போலும் கணவர் டெசி ஆர்னாஸும் கலிபோர்னியாவை விட்டுப் போக விரும்பவில்லை. சினிமாவைப் போல் 35 மில்லிமீற்றர் படச்சுருளில், மூன்று கெமராக்களால், பார்வையாளருக்கு முன்னாலேயே எடுப்போம் என்றார்கள். மேலதிகச் செலவுக்காகத் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலாகப் படச்சுருளின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். அந்தத் தெளிவான பிரதிகளை மறுபடி மறுபடி ஒளிபரப்பலாம் என்பது பின்னர்தான் மற்றவர்களுக்கு உறைத்தது.

ஆகவே தெளிவுக்குப் பெறுமதி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மங்கலில் பார்த்தும் அந்தக் காலத்து மக்கள் சிரித்தார்கள், உம்மும்மாவும் சிரித்தார். எனில் குறைந்த பங்கை ஈடுசெய்தது எது?

*

1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் என்பவர் முகங்களை அடையாளம் காண்பது பற்றி எழுதிய கட்டுரை பிரசித்தமானது. ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சுமார் 250 சாம்பல் நிறச் சதுரங்களாக அவர் குறுக்கிக் காட்டினார். கிட்ட நின்று பார்த்தால் சதுரங்கள் மட்டுமே தெரியும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், அல்லது தூர விலகி நின்றால், லிங்கன் தெரிவார். மனித மூளையின் வல்லமைக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள்.

வகுப்பில் இதே படத்தைக் காட்டியிருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு லிங்கன் தெரியவில்லை. “தாடிக்காரர் ஒராள்” என்றார்கள். ஏனெனில் அவர்கள் லிங்கனை முன்பு கண்டதில்லை. இதிலிருந்து எனக்கு ஒன்று துலங்கியது. அந்த 250 சதுரங்களுக்குள் லிங்கன் முழுதாக இல்லை. மீதியை அமெரிக்கர்கள் தங்கள் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறார்கள். நினைவு இல்லாதவரிடம் அந்தப் படம் ஒரு வகையை மட்டும் காட்டுகிறது. தாடிக்காரர். அவ்வளவுதான்.

என் மருமகன் கேட்ட ஐம்பத்தைந்து பங்குக்கும் பதில் இதுதான். அது எங்கும் போகவில்லை. பார்க்கிறவனே அதைப் போட்டுக்கொள்கிறான். உம்மும்மா கோப்பிக் கடைக்குள் வந்தவரை நடையால் அறிந்தார் என்றால், அப்படி நடக்கும் பத்துப் பேரை அவர் மாத்தளைச் சந்தையில் ஐம்பது வருடங்களாகக் கண்டிருந்தார். அதே கஞ்சத்தனம், அதே புளுகு, அதே கடன் கொப்பி. சிங்களக் கிராமத்தின் கடையை எங்கள் ஊர்க் கடையின் நினைவால் நிரப்பிப் பார்த்தார். அங்கே மீதியை நிரப்பியது பழக்கம்.

பழக்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? அங்கேயும் மூளை சும்மா இருப்பதில்லை. கேள்விப்பட்டதை, அஞ்சியதை, அடுத்தவர் சொல்லித் தந்த அச்சை எடுத்து நிரப்பிவிடுகிறது. ஆபத்து என்னவென்றால், நிரப்பியவனுக்குத் தான் நிரப்பியது தெரியாது. கண்ணால் கண்டேன் என்றே அவன் சத்தியம் செய்வான். மங்கலான படத்தைப் பார்ப்பதில் தவறேதும் இல்லை. நாம் நிரப்பியதைக் கண்டதாக எண்ணிக்கொள்வதிலேயே தவறு தொடங்குகிறது.

*

எம்மவர் இலக்கிய வட்டங்களில் அடிக்கடி எழும் ஒரு மனக்குறையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். நகைச்சுவையில் முஸ்லிம் என்றால் தொப்பி, சாரம், கொச்சைத் தமிழ் அல்லது கொச்சைச் சிங்களம், கையில் ஒரு தராசு. இது நியாயமா என்பது அந்தக் குறை.

நியாயமான குறைதான். ஆனாலும் எல்லா அச்சும் ஒரேமாதிரியானதல்ல. எழுபதுகளில் இலங்கை வானொலியில் புகழ்பெற்ற ‘கோமாளிகள்’ தொடரை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1976இல் அது திரைப்படமாகவும் வந்தது. வானொலியில் படத்தெளிவு பூச்சியம். குரல் மட்டுமே. நான் அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் அல்லன். வாப்பா செய்துகாட்டும் குரல்கள் மூலமே எனக்கு அது அறிமுகம். அதில் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரமாகப் பேசியவர் எஸ். ராமதாஸ். அவர் முஸ்லிம் அல்லர். ஐயர் பாத்திரமாகப் பேசியவர் பி.எச். அப்துல் ஹமீத். அப்புக்குட்டியாக ராஜகோபாலும் உபாலியாகச் செல்வசேகரனும் பேசினார்கள். மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன் என்றே பின்னர் ஊர் அவர்களை அழைத்தது.

நான்கு அச்சுகள். நான்குமே தட்டையானவை. ஆனால் எம்மைப் போலப் பேசியவர் எம்மவரல்லர். எம்மவர் ஒருவர் இன்னொருவரைப் போலப் பேசினார். நால்வருக்கும் சிரிப்பில் சமபங்கு கிடைத்தது. வாப்பா மரிக்காரின் குரலைச் செய்துகாட்டும்போது அவர் முகத்தில் மனத்தாங்கல் இருந்ததில்லை. காரணத்தை இப்போது யோசிக்கிறேன். அங்கே எல்லோரும் ஒரே அளவுக்கு மங்கலாக்கப்பட்டிருந்தார்கள். ஐயரின் நுணுக்கங்களையெல்லாம் காட்டிவிட்டு மரிக்காரை மட்டும் தொப்பியாகக் குறுக்கவில்லை.

இதை ஓர் அளவுகோலாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எல்லோரும் சமமாக மங்கினால் அது விளையாட்டு. கதாநாயகனுக்குத் தாயும் காதலும் கடந்தகாலமும் இருக்க, பக்கத்துக் கடைக்காரருக்கு மட்டும் தொப்பியும் தராசும் இருந்தால் அது அநீதி. படம் 1080 ஆனாலும் அந்தக் கடைக்காரர் 144இல்தான் இருக்கிறார். இது எமக்கு எதிராக மட்டும் நடப்பதுமல்ல. எம் கதைகளில் வரும் தோட்டத் தொழிலாளியையும், சிங்களப் பொலிஸ்காரரையும், ஊர் லெப்பையையும் எத்தனை சதுரங்களில் வரைகிறோம் என்று எழுதுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயர்கூட இல்லாமல் வந்து போகிறவர்கள் எம் கதைகளில் எத்தனை பேர்!

*

இது கலையோடு நின்றுவிடும் சங்கதியென்றால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

சூழ்நிலை நகைச்சுவையின் முதுகெலும்பு தப்பபிப்பிராயம். ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் வேறொன்றாக விளங்கிக்கொள்வார். கடைக்காரரும் வாடிக்கையாளரும் வெவ்வேறு மொழிக்காரரானால் வாய்ப்பு இரட்டிப்பு. எதைக் கேட்டாலும் தலையாட்டும் கடைக்காரர் எந்த நாட்டு நகைச்சுவையிலும் உண்டு. அரைமணி நேரத்துக்குள் குழப்பம் தீர்ந்துவிடும் என்ற உத்தரவாதம் இருப்பதால் நாம் நிம்மதியாகச் சிரிக்கிறோம்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் இதே சூழ்நிலை உண்மையாக நடந்தது. முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. கறியில் ஏதோ ஒரு கட்டி கிடந்ததாக வாடிக்கையாளர் ஒருவர் சத்தமிட்டார். கூட்டம் கூடியது. சிங்களம் சரியாக வராத காசாளரைச் சூழ்ந்துகொண்டு, மலட்டு மருந்து போட்டாயா என்று கேட்டார்கள். என்ன கேட்கப்படுகிறது என்று விளங்கியோ விளங்காமலோ, அச்சத்தில் அவர் ஆமென்பது போல் பதில் சொன்னார். அது கைத்தொலைபேசியில் பிடிக்கப்பட்டு முகநூலில் பரவியது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி மாவுக்கட்டி என்றும், அதில் மருந்தேதும் இல்லை என்றும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அறிக்கை வரும் முன்பே, வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து, மார்ச் முதல் வாரத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணை எனக் கண்டி மாவட்டம் எரிந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலநிலை பிரகடனமானது. மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகும் பிரதான வீதி அக்குறணையைக் கடந்துதான் போகிறது. அந்தக் கிழமை அந்த வீதி எப்படியிருந்தது என்று எமக்குத் தெரியும். அவ்வன்முறையில் தமது தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

அந்த வீடியோவில் பார்ப்பவர்களுக்குக் கிடைத்தது என்ன? தொப்பி, தாடி என்று ஒரு வகை. ஆமென்பது போல் ஒரு பதில். மீதியை ஆயிரக்கணக்கானோர் தங்களிடமிருந்த அச்சத்தால் நிரப்பினார்கள். பிறகு ‘கண்ணால் கண்டோம்’ என்றார்கள். நிரப்பிய எவருக்கும் அந்த மனிதரின் கடையில் ஒரு பிளேன்டீ குடித்த பழக்கம் இருந்திருந்தால், அந்தத் தலையாட்டலில் பயத்தைக் கண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அந்த வீடியோ எவ்வளவு தெளிவாக இருந்திருந்தாலும் அதே விளைவுதானே வந்திருக்கும்? ஆம், வந்திருக்கும். இந்த மறுப்பு என் வாதத்துக்குத் துணையாகவே வருகிறது. படப்புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். மயிர்க்கால் வரை காட்டும் திரைகள் இப்போது கடைகளில் இருக்கின்றன. ஆயினும் ஒரு மனிதன் பயத்தில் சிரிக்கிறானா, வஞ்சத்தில் சிரிக்கிறானா என்பதைப் புள்ளிகள் சொல்வதில்லை. பழக்கம் சொல்லும். விசாரணை சொல்லும். 144இல் பார்ப்பவனுக்கு ஒரு நன்மையாவது உண்டு. தனக்கு முழுதாகத் தெரியவில்லை என்பது அவனுக்குத் தெரியும். முகம் விளங்கவில்லையே என்று என் மருமகன் முறைப்பட்டான். நன்றாக விளங்குகிறது என்று எண்ணியிருந்தால் அவன் எதையும் கேட்டிருக்கமாட்டான்.

*

ஸூரா அல்-ஹுஜுராத் ஓதுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ள வேண்டும், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்ற எச்சரிக்கை அதன் 6ஆவது வசனத்தில் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது, பரிகசிக்கப்படுவோர் மேலானவர்களாக இருக்கக்கூடும் என்பது 11ஆவது வசனத்தில் வருகிறது. செய்தியும் சிரிப்பும் ஒரே ஸூராவில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. தெளிந்துகொள்ளுமாறு சொல்லும் அரபுச் சொல்லின் வேர் தெளிவு என்ற பொருளுடையது. தமிழிலும் படத்தின் தெளிவுக்கும் மனத்தின் தெளிவுக்கும் ஒரே சொல்தான். ஆனால் முன்னதைக் கருவி தரும். பின்னதை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

ஆசிரிய கலாசாலையில் எமக்குக் கவனிப்புப் பதிவேடு எழுதும் பயிற்சி தந்தார்கள். ‘மாணவன் சோம்பேறி’ என்று எழுதினால் விரிவுரையாளர் சிவப்பு மையால் வெட்டிவிடுவார். ‘மாணவன் மூன்று தினங்கள் வீட்டுவேலை செய்து வரவில்லை’ என்பதே அங்கு கவனிப்பு. சோம்பேறி என்பது நாம் போட்டது. அந்தப் பிள்ளை காலையில் பால் எடுக்கப் போகிறதா, கொப்பி இல்லையா, வீட்டில் விளக்கு இல்லையா என்பதெல்லாம் விசாரித்தால்தான் வரும். புள்ளி அட்டை என்பதும் ஒரு மங்கலான படமே. ஒன்பது பாடம், ஒன்பது இலக்கம். ஒரு பிள்ளை ஒன்பது சதுரங்களாக எம் முன் வருகிறது. ஹார்மன்கூட லிங்கனுக்கு இருநூற்றைம்பது கொடுத்தார்!

அந்தப் பயிற்சியை இப்போது தரம் 10 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன். நகைச்சுவைத் தொடர் ஒன்றின் இரண்டு நிமிடத்தை ஆகக் குறைந்த தெளிவில், சத்தத்தை மூடிவிட்டுக் காட்டுவேன். கொப்பியில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கண்டது. வலப்பக்கம் நான் நினைத்தது. முதல் தடவையில் பெரும்பாலும் எல்லாமே இடப்பக்கத்தில் இருக்கும். கடைக்காரர் கோபமாயிருக்கிறார், வந்தவர் கடன்காரர், அந்தப் பெண் அவருடைய மகள். எங்கே கண்டாய் என்று கேட்கத் தொடங்கினால் ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போகும். இறுதியில் இடப்பக்கத்தில் மிஞ்சுவது கொஞ்சமே. ஒருவர் கையைத் தூக்கினார். ஒருவர் கதிரையை விட்டு எழுந்தார். ஒருவர் வெளியே போனார்.

பிறகு சத்தத்தோடு போட்டுக் காட்டுவேன். எல்லோரும் நன்றாகவே சிரிப்பார்கள். கோடு போட்டதால் சிரிப்பு குறைந்ததை நான் காணவில்லை. வலப்பக்கத்தை வெறுமையாக விடச் சொல்வதும் என் நோக்கமல்ல. அதை வெறுமையாக விட்டு எந்த மனிதனாலும் பார்க்க முடியாது. அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது தன் கையெழுத்து என்று அந்தப் பிள்ளை அறிந்துகொண்டால் எனக்குப் போதும்.